மொட்டைக் கதவு

எங்கள் மாதர் சங்கத்துக்கு விழா மலர் போடுகிறார்கள். சங்கம் வளர்ந்த கதையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி தலைவி சொல்லி அனுப்பினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், சங்கத்தில் பேனா பிடிக்கிற வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும். எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கும் போய்விட்டது. அதில் பொய் என்று சொல்ல ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "நாடி வந்த எவரையும் சங்கம் வெறுங்கையோடு அனுப்பியதில்லை." அதை அடித்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தலைவிக்கு அந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. விட்டுவிட்டேன்.

அந்த வரி இருக்கும் இடத்தில் இருந்திருக்க வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்குக் காட்டுவேன் என்று தெரியவில்லை.

சங்கம் தொடங்கியது ஒரு ஏர்பிளாஸ்டுக்குப் பிறகு. தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிவதை இங்கே அப்படித்தான் சொல்வோம். மேலே எங்கள் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் குலுங்கும். கீழே யார் இருந்தார்கள் என்பது ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்த பிறகுதான் தெரியும். அந்த முறை செத்தவர்கள் வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டு, ஆண்டர்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மனைவி கடைத்தெரு முழுக்க நடந்து அரிசி கேட்டு வாங்கினார். அவர்தான் எங்கள் தலைவி. அன்றைக்கு நான் இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை. வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார் என்று சொல்வார்கள். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அவரைப் பற்றிப் பின்னால் நான் எழுதப் போவதைப் படிக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சங்கத்துப் பெண்கள் வந்து பையில் வாங்கிக்கொள்வார்கள். முதலில் கடைத்தெருவில் மட்டும் இருந்தது, பிறகு சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கும் போனது. சேர்ந்த அரிசி சாவு விழுந்த வீட்டுக்கும், ஆள் படுத்துவிட்ட வீட்டுக்கும் போகும். இதைத் தவிர சங்கத்தின் கையில் இன்னொன்றும் இருந்தது. தலைவியின் தம்பி வெளியூரில் காசநோய் சானடோரியம் ஒன்றுக்குப் படுக்கை விரிப்பு சப்ளை செய்துவந்தார். அந்தச் செல்வாக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு படுக்கை எங்கள் சிபாரிசுக்குக் கிடைக்கும். நெஞ்சு கெட்டுப் போனவர்களுக்கு, அதுவும் பாறைத் தூசியை விழுங்கிக் கெட்டுப் போனவர்களுக்கு, அந்தப் படுக்கை பெரிய விஷயம். நாமாகப் போய் நின்றால் எப்போது கூப்பிடுவார்கள் என்றே சொல்ல முடியாது.

நான் சங்கத்தில் சேர்ந்தபோது என் பெண்ணுக்கு எட்டு மாதம். என் கணவருக்குச் சுரங்கக் கம்பெனியின் டைம் ஆபீசில் குமாஸ்தா வேலை. கோரமண்டல் பகுதியில் குமாஸ்தாக்களுக்கான குவார்ட்டர்ஸில் இருந்தோம். இவளுக்கு முன்னால் ஒன்று பிறந்து நாற்பதாம் நாள் போய்விட்டது. அதனால் இவள் தும்மினால்கூட நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். வீட்டில் விட்டுப் போக யாருமில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வெள்ளிக்கிழமைகளில் லைனுக்குப் போவேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று என் கணவர் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். அவர் சொல்லவில்லை. தலைவியின் கணவரும் ஆபீஸ் மேலாளரும் சிநேகிதர்கள்.

எந்த வீட்டிலும் வாசலுக்கு வெளியேதான் நிற்போம். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க மாட்டோம். அது சங்கத்தின் விதியில் இல்லை. எங்கள் வழக்கம்.

சாக்பீஸ் யோசனை என்னுடையது. அப்போது ஒரு குழப்பம் இருந்தது. ஒரே லைனுக்கு இரண்டு பேர் போய்விடுவோம். ஒருத்தி வாங்கிய வீட்டில் இன்னொருத்தியும் போய் நிற்பாள்.

"இன்னாம்மா இது, காலையிலதான் ஒரு அம்மா வந்து வாங்கிகினு போச்சு. எங்க வூட்ல இன்னா ரைஸ் மில்லா ஓடுது?" என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவமானமாக இருந்தது. மலேரியா ஒழிப்பு ஆட்கள் மருந்து அடித்த வீட்டுச் சுவரில் தேதி போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருந்தேன். அதேபோல அரிசி கொடுத்த வீட்டுக் கதவில் ஓர் அடையாளம் போட்டால் என்ன என்று கூட்டத்தில் சொன்னேன். லைன் வீட்டுக் கதவுகள் தார் பூசிய பலகைகள். வெள்ளை பளிச்சென்று தெரியும். டைம் ஆபீஸ் கரும்பலகைக்கு வாங்கிய பெட்டியிலிருந்து என் கணவர் நான்கு துண்டு சாக்பீஸ் கொண்டுவந்தார். நீட்டமாக ஒரு நெல்மணி, நுனியில் சின்ன வால். அதுதான் அடையாளம். ஒரு வாரத்தில் கை பட்டு, காற்றில் தூசி படிந்து தானே அழிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாகப் போடலாம்.

"படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்," என்றார் தலைவி. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான் நினைத்தது ஒன்று. நடந்தது வேறு. இரண்டாவது வாரமே அரிசி கூடிவிட்டது. அடையாளம் எங்களுக்காகப் போட்டது. லைன்காரர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் நெல்மணிக்கு மேலே மஞ்சள் தடவினார்கள். அடையாளம் உள்ள வீட்டைக் கோட்டு வீடு என்றார்கள். இல்லாத வீட்டுக்கும் ஒரு பெயர் வந்தது. மொட்டைக் கதவு. அந்த வார்த்தையை யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் நான் சாக்பீஸ் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த வார்த்தைக்கு வேலை இருந்திருக்காது.

ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டிய வருஷம் அது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி எங்கள் பையில் போட்டவர்களும் உண்டு. "நாங்க களி துன்னா பரவால்லம்மா, நீங்க கோடு போட்டுட்டுப் போங்க," என்றாள் ஒருத்தி. அதை நான் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஏழைகளுக்கு எவ்வளவு தர்ம சிந்தனை என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். லைன் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் "சாக்பீஸம்மா வருது, சாக்பீஸம்மா" என்று உள்ளே ஓடுவார்கள். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிரித்துக் கொடுத்த லைனில் பதினாறு வீடுகள். கடைசி வீட்டில் இருந்தவர் பாறையில் துளை போடும் மெஷின் பிடித்தவர். ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. அவருடைய இருமல் பன்னிரண்டாவது வீட்டு வாசலிலேயே கேட்கும். இருமல் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒன்றுமே இல்லை, பிறகு மறுபடியும்.

முதல் வெள்ளிக்கிழமை பதினைந்தாவது வீட்டோடு திரும்பிவிட்டேன். நோயாளி இருக்கும் வீட்டில் போய் அரிசி கேட்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இரக்கம்தான் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் பதினைந்தாவது வீட்டு வாசலில் நிற்கும்போது முந்தானையால் குழந்தையின் மூக்கை மூடியிருந்தேன். இரக்கத்துக்கு மூக்கை மூட வேண்டியதில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி வெளியே வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு டம்ளர். அதில் அரிசி. என்னைப் பார்த்து, வருகிறேன் என்று நினைத்து, கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நான் குழந்தையின் தொடையைக் கிள்ளினேன். குழந்தை வீறிட்டது. "ஐயோ, அழறாளே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது தொடையில் சிவப்பாக என் நகம் பதிந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவினேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. அவர் என்று எழுதிவிட்டேன். அந்தப் பெண்ணைத்தான் சொல்கிறேன். அன்றைக்கெல்லாம் அவள் என்றுதான் சொல்வோம். டம்ளரை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்கே போயிருக்கிறாள். தலைவி அங்கே இல்லை. கடையில் இருந்த ஆள், லைனில் கோடு போடுகிறவர்களிடமே கொடு என்று அனுப்பிவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வாரம் பொதுக் குழாய்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். குடங்கள் வரிசையில் இருந்தன. அவள் தன் குடத்தை நகர்த்தியபோது முன்னால் நின்றவள் காலால் தள்ளினாள்.

"கோட்டு வூட்டுக் கொடம் மொதல்ல. மொட்டைக் கதவுக்கு இன்னா அவசரம்?"

"வந்து கேட்டாதானே குடுக்கறதுக்கு? எங்கூட்டுக்கு யாரும் வர்ல," என்றாள் அவள்.

"ஊரெல்லாம் வர்றவங்க உன் வூட்டுக்கு மட்டும் வர மாட்டாங்களா? ஒரு புடி அரிசிக்கு இன்னா கத பார்றீ."

"வுடு, வுடு. இன்னிக்குக் கதவு மொட்டை. இன்னும் ரெண்டு மாசம் போனா தலையும் மொட்டைதான்."

சிரித்தார்கள். அப்போது ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "தோ, சாக்பீஸம்மாவே நிக்குது. நீங்களே சொல்லுங்கம்மா, இது வூட்டுக்கு நீங்க போவலயா?"

அவளும் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள், கடையில் மீதிச் சில்லறைக்கு நிற்பதுபோல.

"குழந்தைக்குப் பால் நேரம்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பதினைந்தாவது வீட்டிலிருந்து பார்த்தபோது கடைசிக் கதவில் நெல்மணி இருந்தது. சங்கத்தில் வேறு யாரோ போய் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யார் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என் லைனில் அவர்கள் ஏன் போக வேண்டியிருந்தது என்ற பேச்சு வரும். இனிமேல் அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை என்பது மட்டும் மனசில் நின்றது.

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் சங்கக் கூட்டம், ஜவுளிக்கடைக்குப் பின்னால், துணிக் கட்டுகள் அடுக்கிய அறையில். அந்தக் காலாண்டின் படுக்கையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கடைசி வீட்டுப் பெண் மனு கொண்டுவந்திருந்தாள். கம்பெனி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி சானடோரியத்தில்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டும் கையில் இருந்தது. புருஷன் எழுந்து மறுபடி ஷிப்டுக்குப் போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடு கையில் நிற்கும். அவர் போய்விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஆறு வயதில் ஒரு பெண் வேறு.

மனுவைத் தலைவி படித்து முடிப்பதற்குள் நர்ஸம்மா பேசினார். லைனில் பிரசவம் பார்க்கப் போகிறவர் அவர். எங்கள் சங்கத்து உறுப்பினர்.

"ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. இந்த மழையில லைன் பூரா கதவுங்களைக் கழுவி விட்டாச்சு. ஒரு கோடு மிச்சமில்ல. இவ வூட்டுக் கதவுல மட்டும் நெல்லு பளபளன்னு நிக்குது. தொட்டுப் பாத்தேன். சுண்ணாம்பு! வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பக் கொழச்சுப் போட்டு வெச்சிருக்கா."

அறையில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். சாக்பீஸ் அழியும், மறுபடி போடுவோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. இனி யாரும் வந்து போட மாட்டார்கள் என்று முடிவு செய்துதான் அழியாததாகப் போட்டிருக்கிறாள். இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான்: என் பெயர் வரப் போகிறது.

தலைவி என்னைப் பார்த்தார். "உன் லைன்தானே? நீ போட்டியா அந்த அடையாளம்?"

"இல்லை," என்றேன்.

"நான்தாம்மா போட்டேன்," என்றாள் அவள். "இவங்க எங்கூட்டுக்கு வர்றதே இல்ல. பதினஞ்சாவது வூட்டோட திரும்பிடறாங்க. கொழாயில ஒரு கொடம் தண்ணி புடிக்க முடியலம்மா. என் பொண்ணை எல்லாரும் மொட்டை மொட்டைன்னு கூப்புடுதுங்க. அதான் போட்டேன். தப்புதான். ஆனா அரிசி எடுத்து வெச்சிருக்கிறேன். வந்து பாருங்க, டப்பாவுல கீது."

தலைவி மறுபடி என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ போகலியா?"

பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. தலைவி அவசரப்படுத்தவில்லை. என் பெண் மடியில் உட்கார்ந்து ஒரு துணிக் கட்டின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பயத்தில் அங்கே போகவில்லை என்று சொன்னால், எதற்குப் பயம் என்று கேட்பார்கள். சங்கத்தில் இருந்துகொண்டு நோயாளி வீட்டுக்குப் போக அருவருப்பா என்று கேட்பார்கள். என் கணவரின் மேலாளர் வரை போகும். இவ்வளவையும் யோசித்தேன். யோசிக்காமல் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான்.

"போனேன். கதவு சாத்தியிருந்தது," என்றேன்.

அவள் சிரித்தாள். கோபத்தில் இல்லை. நிஜமாகவே சிரிப்பு வந்ததுபோல. "சாத்தின கதவு மேலதானே கோடு போடுவீங்க? தெறந்து கெடந்தா எதும்மேல போடுவீங்க?"

"வாயைப் பாரு," என்றார் நர்ஸம்மா.

தலைவி எழுந்தார். "ஒரு பிடி அரிசி குடுக்க மனசில்ல. குடுத்த மாதிரி காட்டிக்கறதுக்கு மட்டும் சுண்ணாம்பு இருக்கு. நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு நெல்லு போட்டுகிட்டா சங்கம் எதுக்கு? நீ எழுதினதை நீயே அழி. நாங்க பாக்கணும்."

அந்தக் காலாண்டுப் படுக்கை மளிகைக்கடைக்காரரின் மைத்துனருக்குப் போனது. அவர் சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை. மளிகைக்கடைக்காரர் சங்கத்துக்கு மூட்டையாக அரிசி கொடுப்பவர்.

மறுநாள் காலையில் நாங்கள் ஐந்து பேர் போனோம். லைன் முழுக்க வாசலில் நின்றது. நான் பதினைந்தாவது வீட்டோடு நின்றுகொண்டேன். அவள் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். சுண்ணாம்பு தாரைப் பிடித்துக்கொண்டுவிட்டது, போகவில்லை. கரண்டிக் காம்பால் சுரண்டினாள். அவளுடைய பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து ஊற்றினாள்.

"நல்லா தேய்டி, பலகையே போவட்டும்," என்றாள் குழாயடியில் குடத்தைத் தள்ளியவள்.

உள்ளேயிருந்து இருமல் நின்று, மெல்லிய குரல் வந்தது. "இன்னா அங்க சத்தம்?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் அவள் தேய்த்துக்கொண்டே. "கதவு கழுவுறேன். நீ படு."

அடையாளம் போகும்போது தாரும் சேர்ந்து போனது. நெல்மணி இருந்த இடத்தில் வெறும் பலகை தெரிந்தது, அதே வடிவத்தில். தலைவி அதைப் பார்த்துவிட்டு, சரி போதும் என்றார்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அது ஒட்டுற நோய் இல்லயே. மெஷின் புடிக்கிறவங்களுக்கு வர்றது. பாறைத் தூசி. கொழந்தைக்கு எப்படி ஒட்டும்?"

"தூசியோட டி.பி.யும் சேர்ந்து வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"வரும். வராமலும் இருக்கும்," என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப போயி சொன்னா இன்னா ஆவும்? படுக்கை குடுத்தாச்சு. உன் பேருதான் கெடும். அடுத்த மூணு மாசத்துக்கு அவங்களுக்கே குடுக்கச் சொல்லு, போதும்," என்றார்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. மூன்று நாள் கழித்து நியாயமாகப் படவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. படியேறும்போது சொற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். நான் போகவில்லை, கதவு திறந்துதான் இருந்தது, அவள் டம்ளரோடு நின்றாள். தலைவி என்னைப் பார்த்ததும், "வாம்மா, உன்னைத்தான் நினைச்சேன்," என்று சொல்லி, பூப்போட்ட மெல்லிய துணியை இழுத்து என் பெண்ணின் தோளில் வைத்து அளந்தார். "இதுக்கு இந்த மஞ்சள் எடுப்பா இருக்கும். கவுன் தெச்சுப் போடு. காசெல்லாம் வேணாம். சங்கத்துக்கு நீ உழைக்கற உழைப்புக்கு." குழந்தை துணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கவுன் நன்றாகத்தான் அமைந்தது. அது சின்னதாகிப் போகும்வரை அவளுக்குப் போட்டேன்.

அடுத்த மூன்று மாதம் வரைக்கும் அந்த மனிதர் இருக்கவில்லை. ஏழு வாரத்தில் போய்விட்டார். படுக்கை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒருநாள் தோன்றும். அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

சாவு விழுந்த வீட்டுக்கு அரிசி கொடுப்பது சங்கத்தின் முதல் கடமை. அதற்காகத்தான் சங்கமே தொடங்கியது. "உன் லைன்தானே, நீயே கொண்டு போய்க் கொடு," என்றார் தலைவி. காரியம் முடிந்த மறுநாள் போனேன். கம்பெனியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பங்காருபேட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டியிருந்தாள். முதல் முறையாகப் பதினைந்தாவது வீட்டைத் தாண்டினேன். இருமல் இல்லாததால் தாண்ட முடிந்தது.

அரிசிப் பையை வாசலில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவள் பையைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். அரை டப்பா அரிசி. மேலே கறுப்பாக வண்டுகள் ஊர்ந்தன.

"உங்களுக்கு எடுத்து வெச்சது," என்றாள். "வாரா வாரம் ஒரு புடி. வூட்ல அரிசி இல்லாதப்பக்கூட இதத் தொடல. சங்கத்துதுன்னு எடுத்து வெச்சதத் துன்னக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு. வண்டு வெச்சுப் போச்சு. புடிங்க."

நான் பையை விரித்தேன். சங்கத்தின் அரிசி மேலேயே அதைக் கொட்டினாள். வண்டுகள் நல்ல அரிசிக்குள் இறங்கின.

"போடுங்க கோடு," என்றாள்.

"இப்ப எதுக்கும்மா..."

"குடுத்தவங்களுக்குப் போடணும் இல்ல? நான் குடுத்துட்டேன். போடுங்க."

கைப்பையில் சாக்பீஸ் இருந்தது. எப்போதும் இருக்கும். இடுப்பில் குழந்தையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, தார் உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல்மணி போட்டேன். குழந்தை அசைந்ததில் வால் நீண்டுவிட்டது. அவள் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். "இன்னும் நல்லா போட்டிருக்கலாம். நான் போட்டதே தேவல," என்றாள். அவளுடைய பெண் வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

என் குழந்தை சாக்பீஸைக் கேட்டுக் கை நீட்டி அழ ஆரம்பித்தாள். அந்த முறை நான் கிள்ளவில்லை. அவள் சாக்கை அவிழ்த்து, ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து வெல்லத் துண்டை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள்.

"மொதவாட்டி எங்கூட்டுக்கு வந்துகீது. வெறுங்கையோட அனுப்பறதா?"

குழந்தை உடனே வாயில் போட்டுக்கொண்டது. நான் சிரித்தேன். போய்வருகிறேன் என்று சொன்னேன். பையை எடுத்துக்கொள் என்று சொல்ல மறந்து, அதையும் தூக்கிக்கொண்டே நடந்தேன். பதினைந்து, பதினான்கு, பதிமூன்று. பன்னிரண்டாவது வீட்டுச் சுவர் மறைவுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து, குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு வெல்லத்தைத் தோண்டி எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். நாக்கையும் முந்தானையால் துடைத்தேன். குழந்தை கத்தியது. தலை நிமிர்ந்தபோதுதான் சுவர் என்னை மறைக்கவில்லை என்று தெரிந்தது. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டாதும்மா," என்றாள் அங்கிருந்தே, லைன் முழுக்கக் கேட்கும்படி. "கடையில வாங்கின வெல்லம்."

நான் நடந்தேன். அரிசிப் பை கையில் இருந்தது. திரும்பிப் போய்க் கொடுத்திருக்கலாம். விரல் பிசுபிசுவென்று இருந்தது, அதில் சாக்பீஸ் தூள் ஒட்டிக்கொண்டு துடைத்தாலும் போகவில்லை.